நண்பனின் கலாய்ப்பு வலித்தால் வாட்ஸ்அப் எவ்வளவு கைகொடுக்கும்?

வாட்ஸ்அப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேக்கப், வீடியோ கால் தரம், புதிதாக வந்த வசதி என்றுதான் எழுதுகிறார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்து மட்டும் அதை எடைபோடப் போகிறேன். நண்பர்கள் குரூப்பில் ஒருத்தன் நம்மைக் கலாய்த்து, அது நிஜமாகவே மனதில் தைத்துவிட்டால், கையில் இருக்கிற இந்தச் செயலி நமக்கு என்னென்ன வழி தருகிறது, அதில் எது நட்பைக் காப்பாற்றும், எது கெடுக்கும் என்பதுதான் அது. பள்ளி நட்பும் கல்லூரி நட்பும் இப்போது பலருக்கு இந்தக் குரூப்களில்தான் உயிரோடு இருக்கிறது. அதனால் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை போய் வீட்டில் இருந்த சமயம். கல்லூரி குரூப்பில் ரொம்ப நெருங்கிய நண்பன் ஒருவன் என்னை ‘ஜமீன்’ என்று கூப்பிட ஆரம்பித்தான். காலையில் நான் ஏதாவது அனுப்பினால் ‘ஜமீன் எழுந்தாச்சா, பல்லக்கு அனுப்பட்டுமா’ என்பான். எப்போதோ ஏற்காடு போன பஸ்ஸில் நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிய போட்டோவை வெட்டி, கீழே மஞ்சள் எழுத்தில் ‘ஜமீன் ஓய்வில் இருக்கிறார்’ என்று போட்டு ஸ்டிக்கராக்கினான். கொஞ்ச நாளில் அது குரூப்பில் வடிவேலு ஸ்டிக்கர்களுக்குச் சமமாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாமா என்று யார் கேட்டாலும் பதிலுக்கு அதுதான் வரும். ஒரு இன்டர்வியூவில் கடைசி ரவுண்டு வரைக்கும் போய் ஒன்றும் ஆகாமல் திரும்பிய சாயங்காலம், குரோம்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டே போனை எடுத்தால், அதே ஸ்டிக்கர். கீழே வரிசையாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள்.

இவன் கெட்டவன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என் ரெஸ்யூமை வாங்கித் தன் அலுவலக ஹெச்.ஆரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தவனும் இவன்தான். பகையாளி பேசினால் துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம், இவன் பேசியதால்தான் எப்படிப் பதில் சொல்வது என்று யோசிக்க வேண்டி வந்தது. அந்த யோசனையில் வாட்ஸ்அப்பில் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில், நேரில் கலாய்ப்பதும் குரூப்பில் கலாய்ப்பதும் ஒன்றில்லை. டீக்கடையில் ஒருத்தனை ஓட்டும்போது அவன் முகம் சுருங்குவதை எதிரில் இருப்பவன் பார்க்கிறான், பாதியில் நிறுத்திக்கொள்கிறான், ‘சரி விடு மச்சி’ என்று டீயை நகர்த்துகிறான். குரூப்பில் கலாய்ப்பவனுக்கு நம் முகம் தெரியாது, மற்றவர்களின் சிரிப்பு மட்டும்தான் தெரியும். அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் சகாக்களோடு 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாங்கள் எழுதுவது கிண்டலா நிஜமா என்பதை மின்னஞ்சலில் படிப்பவர் சுமார் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 சதவீதம்தான், பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். குரூகரும் வேறு இருவரும் 2006-ல் கலாய்ப்பைப் பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கலாய்க்கிறவனுக்குத் தன் நோக்கம் நல்லது என்று தெரிவதால் அவன் அதை லேசாக எடுத்துக்கொள்கிறான், வாங்குகிறவனுக்கு அந்த நோக்கம் போய்ச் சேருவதில்லை என்பது அதன் சாரம். நம் ஆட்கள் ‘சும்மா ஜாலிக்குதான்டா’ என்று சொல்லும்போது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அவர்கள் தலைக்குள் அது நிஜமாகவே ஜாலிதான். இது புரிந்த பிறகு எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது, வலி இறங்கவில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

நாமும் சேர்ந்து சிரிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. 2022 மே மாதம் ரியாக்ஷன் வசதி வந்த பிறகு இதற்கு ஒரு வார்த்தைகூடத் தட்ட வேண்டாம், அழுத்திப் பிடித்துச் சிரிக்கிற முகத்தைத் தொட்டால் போதும். அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் இதில் ஆபத்து. நாம் போடுகிற அந்தச் சிரிப்பு, அவன் கணக்கில் ‘இன்னும் ஓட்டலாம்’ என்ற அனுமதி. அடுத்த முறை வலிக்கிறது என்று சொன்னால் ‘அன்னைக்கு நீயும்தானே சிரிச்ச’ என்பான், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கும். வலிக்காத கலாய்ப்புக்குத் தாராளமாகச் சிரிக்கலாம். வலித்தால், ரியாக்ஷன் போடாமல் இருப்பதுதான் முதல் படி. இந்த வசதிக்கு இந்த விஷயத்தில் நான் 5-க்கு 1 கொடுப்பேன்.

பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது அடுத்தது. தனி அரட்டையில் நீல டிக்கை அணைத்து வைக்கலாம், குரூப்பில் முடியாது. அனுப்பியவன் செய்தி விவரத்தைத் திறந்தால் யார் யார் படித்தார்கள் என்பது பெயரோடு வந்துவிடும். ஆக நம் மௌனமும் அங்கே ஒரு பதில்தான், ஆனால் என்ன பதில் என்பதை அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வார்கள். ஒருத்தன் பிஸி என்று நினைப்பான், ஒருத்தன் ‘ஃபீல் ஆயிட்டான் போல’ என்று போடுவான், அப்புறம் அதுவே அடுத்த கலாய்ப்பு ஆகிவிடும்.

மியூட் நல்ல வசதி, ஆனால் சரியாகப் பயன்படுத்த வேண்டும். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று இருக்கிறது. கோபம் தலைக்கேறியிருக்கும்போது கை தானாக ‘எப்போதும்’ பக்கம் போகும். என் சிபாரிசு 8 மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் விடியும்போது முடிந்துவிடும். நடுவில் ஒரு தூக்கம் கிடைக்கிறது, ராத்திரி தட்டியிருக்கக்கூடிய பதிலைக் காலையில் யாரும் அதே மாதிரி தட்ட மாட்டார்கள். நாம் மியூட் போட்டது யாருக்கும் தெரியாது என்பதும் நல்லது. 5-க்கு 4. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், அது தள்ளிப்போட மட்டும்தான் உதவும், காலையில் விஷயம் அங்கேயேதான் இருக்கும்.

அரட்டையைப் பட்டியலிலிருந்து எடுத்து உள்ளே ஒதுக்கி வைக்கும் ஆர்க்கைவ் எனக்கு ஏமாற்றம். 2021-க்குப் பிறகு புதுச் செய்தி வந்தாலும் ஆர்க்கைவ் செய்த குரூப் மேலே ஏறி வராது, அதுவரை சரி. ஆனால் யாராவது நம் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாலோ நம் செய்திக்கு ரிப்ளை போட்டாலோ அறிவிப்பு வந்துவிடும். கலாய்ப்பவன் எப்படி எழுதுவான்? நம் பெயரைப் போட்டுத்தான் எழுதுவான், இல்லையென்றால் நம் பழைய செய்தியை எடுத்து அதற்கு ரிப்ளை போடுவான். எதைக் கேட்க வேண்டாம் என்று உள்ளே தள்ளினோமோ அது மட்டும் கதவைத் தட்டுகிறது.

சத்தமில்லாமல் குரூப்பை விட்டு வெளியேறும் வசதி 2022 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டது. அதன்படி அட்மின்களுக்கு மட்டும்தான் தெரியும். அபார்ட்மென்ட் குரூப்புக்கும் சொந்தக்காரர்கள் குரூப்புக்கும் இது வரப்பிரசாதம். நண்பர்கள் குரூப்பில் அப்படி இல்லை. பத்துப் பேர் இருக்கிற குரூப்பில் ஏதோ ஒரு டூர் சமயத்தில் எல்லோரையும் அட்மின் ஆக்கியிருப்பார்கள், அதனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போதாததற்கு, வெளியேறியவர்கள் பட்டியல் 60 நாட்களுக்குக் குரூப் விவரத்தில் இருக்கும். ஆக இது சத்தத்தோடு கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான். அப்படிப் போக வேண்டிய குரூப்களும் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு பட்டப்பெயருக்காக, மற்ற எட்டுப் பேரையும் விட்டு, நாம் வெளியே போவது எந்த ஊர் நியாயம்?

பிளாக் பண்ணுவதைப் பற்றி ஒரு தகவல் பலருக்குத் தெரிவதில்லை. ஒருவனை பிளாக் செய்தாலும், இருவரும் இருக்கிற பொதுக் குரூப்பில் அவன் எழுதுவது நமக்கும் நாம் எழுதுவது அவனுக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். குரூப்பில் நடக்கும் கலாய்ப்புக்கு இதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. தனியாகப் பேசிச் சரிசெய்யக்கூடிய ஒரே பாதையைத்தான் அது அடைக்கிறது. ரிப்போர்ட் வசதியும் இந்த விஷயத்துக்கு ஆனதில்லை. அது கடைசியாக வந்த ஐந்து செய்திகள் வரை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவைக்கும், முன்பின் தெரியாதவர்களின் மோசடிக்கும் ஆபாசத்துக்கும் அதுதான் சரி.

குரூப்பிலேயே திருப்பி அடிப்பதும் உண்டு. அவனுக்கும் ஒரு பலவீனம் இருக்கும், நமக்கும் தெரியும். இரண்டு வரி தட்டினால் போதும், மொத்தக் குரூப்பும் அவனைப் பார்த்துச் சிரிக்கும். நான் அதைச் செய்யவில்லை, யாருக்கும் சிபாரிசு செய்யவும் மாட்டேன். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மனிதனும் ‘ஆமாம், நான் செய்தது தப்பு’ என்று சொல்ல மாட்டான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். அப்புறம் குரூப் இரண்டாகப் பிரியும். சமாதானம் செய்ய வருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு குரூப் முளைக்கும், அதில் நாம் இருக்க மாட்டோம்.

இப்போது நான் மனதார 5-க்கு 5 கொடுக்கிற வசதி. ‘ரிப்ளை பிரைவேட்லி’. குரூப்பில் அவன் எழுதிய செய்தியை அழுத்திப் பிடித்தால் மேலே மூன்று புள்ளி வரும், அதைத் தொட்டால் உள்ளே இது இருக்கும். தொட்டதும் அவனோடு நமக்கு இருக்கும் தனி அரட்டை திறக்கும், அவன் குரூப்பில் எழுதிய அதே வரி மேற்கோளாக மேலே நிற்கும், கீழே நாம் எழுதலாம். சாதாரணமாகத் தெரிகிற இந்த வசதியில் இரண்டு பெரிய விஷயம் நடக்கிறது. பார்வையாளர்கள் போய்விடுகிறார்கள். எந்த வார்த்தை வலித்தது என்பதில் சந்தேகமே இருப்பதில்லை. ‘நீ ரொம்ப ஓவராப் போற’ என்று பொதுவாகச் சொன்னால் அவன் எதைச் சொல்கிறோம் என்று கேட்பான், அப்புறம் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். இதில் அந்த ஒரு வரி அங்கேயே இருக்கிறது, பேச்சு அதை விட்டு நகராது.

அனுப்புவதற்கு முன் எழுதிப் பார்க்க, நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்துங்கள். 2022 கடைசியில் வந்தது, பலரும் மளிகை லிஸ்ட் போடத்தான் வைத்திருக்கிறார்கள். அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அவன் ஏற்கெனவே படித்திருந்தால் திருத்தி என்ன பயன், திருத்தியது என்ற அடையாளமும் கூடவே நிற்கும். அதனால் முதலில் நமக்கு அனுப்பி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அவன் கண்ணால் படித்துப் பார்த்து, அப்புறம் அவனுக்கு அனுப்பலாம். முதல் தடவை நான் எழுதியதில் ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று ஒரு வரி இருந்தது, படித்துப் பார்த்து எடுத்துவிட்டேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: ‘மச்சி, ஜமீன்னு கூப்பிடுறது இப்போ எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கு. வேலை போனது இன்னும் ஆறல. வேற எதை வெச்சு வேணா ஓட்டு, இதை மட்டும் விட்டுடு. அந்த ஸ்டிக்கரும் வேணாம்.’

இப்படி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. எது வலிக்கிறது, ஏன் வலிக்கிறது, என்ன செய்தால் சரியாகும் என்று மூன்றும் அதில் இருக்கிறது, அவன் எப்படிப்பட்டவன் என்ற தீர்ப்பு இல்லை. ‘வேற எதை வெச்சு வேணா ஓட்டு’ என்ற வரியை யோசித்துத்தான் சேர்த்தேன். ஆண் நண்பர்கள் நடுவே பாசம் பாதிக்கு மேல் கலாய்ப்பாகத்தான் வெளியே வரும், அதை மொத்தமாக நிறுத்தச் சொன்னால் நட்பில் பேச்சே இல்லாமல் போய்விடும். எனக்கும் அது வேண்டாம், அவன் என்னை ஓட்டாத நாள் எனக்கே வெறிச்சென்று இருக்கும்.

வாய்ஸ் நோட் அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்த ஆய்வு சொல்வதுபோல் குரலில் தொனி தெரியும் என்பது சாதகம், அனுப்புமுன் கேட்டுப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் வலியோடு பேசும்போது குரல் உடையும், நீளும், மூன்று நிமிடம் போகும், அவன் அதை 2 மடங்கு வேகத்தில் கேட்பான். என் அபிப்பிராயத்தில் முதல் செய்தி எழுத்தாக, சின்னதாக இருக்கட்டும், அதற்கு மேல் பேச வேண்டியது போனிலோ நேரிலோ இருக்கட்டும்.

அவனிடமிருந்து முதலில் வந்தது நான் எதிர்பார்த்ததுதான்: ‘டேய் சும்மா ஜாலிக்குடா, இதுக்குப் போயா ஃபீல் பண்ணுவ’. இங்கேதான் பலர் விட்டுவிடுவார்கள், அல்லது வெடிப்பார்கள். இரண்டும் வேண்டாம். அது பதில் இல்லை, பதறும்போது வருகிற முதல் வார்த்தை. ‘ஜாலிக்குன்னு தெரியும்டா, அதனாலதான் குரூப்ல சொல்லாம உன்கிட்ட சொல்றேன்’ என்று மட்டும் போட்டேன். கொஞ்ச நேரம் ‘டைப்பிங்’ என்று வந்து வந்து நின்றது. அப்புறம் போன் அடித்தான். போனில் மன்னிப்பு என்ற வார்த்தையெல்லாம் வரவில்லை, ‘சாப்டியா’ என்றுதான் ஆரம்பித்தான், பேச்சு இன்டர்வியூ பக்கம் போனது, நடுவில் ‘அந்த ஸ்டிக்கரை நான் எடுத்துட்டேன்’ என்றான். மறுநாள் குரூப்பில் வேறொருவன் அதே ஸ்டிக்கரைப் போட்டபோது, ‘அதை விடுங்கடா, பழசாயிடுச்சு’ என்று எழுதியது அவன்தான்.

அந்த வேறொருவனால்தான் செயலியின் பெரிய குறை கண்ணில் பட்டது. ஸ்டிக்கர் வசதி 2018-லிருந்து இருக்கிறது. ஒருவர் உருவாக்கியதை மற்றவர் தன் பட்டியலில் சேமித்துக்கொண்டால், உருவாக்கியவன் தன் பக்கத்தில் அழித்தாலும் மற்றவர்களிடம் அது இருந்துகொண்டே இருக்கும். எல்லோருக்குமாக அழிக்கும் வசதி இரண்டு நாள் 12 மணி நேரம் வரைதான் செல்லும், அட்மின் மற்றவர் செய்தியை நீக்கலாம், ஆனால் இரண்டும் அரட்டையில் இருக்கும் செய்தியைத்தான் நீக்கும், சேமித்த ஸ்டிக்கரை ஒன்றும் செய்யாது. என் முகம் இருக்கிற படத்தின் மேல் எனக்கு எந்தப் பிடியும் இல்லை. கோடிக்கணக்கான பேர் பயன்படுத்துகிற செயலியில் இதற்கு ஒரு வழி வேண்டும் என்று அழுத்தமாகவே கேட்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் குரூப்பில் ஒரு பெண்ணின், ஒரு பையனின் முகத்தை வைத்து ஸ்டிக்கர் ஓடினால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்? இப்போதைக்கு ஒரே வழி, போட்டவர்களிடம் ஒவ்வொருவராகத் தனியே கேட்பதுதான்.

தனியாகச் சொல்லியும் நிறுத்தாதவன் விஷயம் வேறு. நாம் தனியே அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட்டு அதற்கும் சிரிக்கிறவன் உண்டு. சாதாரண அரட்டையில் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க வாட்ஸ்அப்பில் வழி இல்லை. அப்படிச் செய்தால் அதற்கு மேல் விளக்கம் சொல்லி நம் வாயை நாமே கெடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு வலிக்கிறது என்று தெரிந்தே அவன் செய்கிறான், அதற்குப் பெயர் கலாய்ப்பு இல்லை. நிறம், உடம்பு, குழந்தை இல்லாதது, சாதி, வீட்டு நிலைமை என்று நம்மால் மாற்ற முடியாததை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவன், தன்னை ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொள்கிறவன், புது ஆட்கள் முன்னால் நம்மை இறக்கிப் பேசுகிறவன், இவர்களுக்கு ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு வெளியேறலாம். அந்த இடத்தில் வெளியேறும் பொத்தானுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன், சத்தம் கேட்டால் கேட்கட்டும். வலி கலாய்ப்போடு நிற்காமல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போயிருந்தால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வெளியேறியவரை அக்கறையிலோ விளையாட்டாகவோ உடனே மறுபடி சேர்த்துவிடுவார்கள். வெளியேறுவதற்கு முன்பே அமைப்புகளில் தனியுரிமை, அதில் குரூப்கள் என்று போய், யார் நம்மைச் சேர்க்கலாம் என்ற இடத்தில் ‘இவர்களைத் தவிர என் தொடர்புகள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த அட்மின்களின் பெயர்களைக் குறித்துவிடுங்கள். அதன் பிறகு அவர்களால் நேரடியாகச் சேர்க்க முடியாது, அழைப்புதான் அனுப்ப முடியும், ஏற்பதும் விடுவதும் நம் கையில்.